ஆறாவது தோட்டா

நல்ல ஈயம் கிடைப்பது இப்போதெல்லாம் குதிரைக் கொம்பாகிவிட்டது, மேடம். டயர் கடையில் வேலை பார்த்த காலத்தில் வாளி வாளியாக வீட்டுக்கு எடுத்துப் போவேன். சக்கரம் ஆடாமல் ஓடுவதற்கு ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு மாட்டுவார்களே, அதுதான். கழற்றிப் போட்டதை யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது அதையும் துத்தநாகத்தில் செய்கிறார்கள். தெரியாமல் ஒரு துண்டு சட்டியில் விழுந்தால் போதும், உருக்கியது மொத்தமும் கூழாகிவிடும். ஒவ்வொன்றையும் குறட்டால் கடித்துப் பார்த்துத்தான் போட வேண்டும். நான் பார்ப்பேன். ஹார்லன் பார்க்க மாட்டான். அவன் சுபாவம் அது.

நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்க்கிறீர்கள். ஈயத்தைப் பற்றிப் பேசவா இந்தக் கிழவன் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு ஷெரீஃப் அலுவலகத்துக்கு வந்தான் என்று உங்களுக்குத் தோன்றும். இல்லை. ஹார்லனுக்காக வந்தேன். தன் மனைவி வெர்னா செத்ததற்குத் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று அவன் ஒத்துக்கொண்டுவிட்டான். ஜாமீன்கூட வேண்டாம் என்று உங்கள் கம்பிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். அடுத்த வாரம் நீதிபதி முன்னால் நிற்கப் போகிறான், பெரிய சிறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஊரே பேசுகிறது. அவன் அதைச் செய்யவில்லை, மேடம். அந்த ரிவால்வரில் தோட்டா போட்டது நான். வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் குறுக்கிட்டால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

குண்டு வார்ப்பது யாருக்கும் தொந்தரவில்லாத பழக்கம். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் அடுப்பைப் பற்றவைத்து ஈயம் காய்ச்சுவேன். அச்சு சூடேறும்வரை வருகிற குண்டுகள் சுருங்கிப்போய்ப் பிறக்கும். அவற்றை மறுபடி சட்டியிலேயே போட்டுவிடுவேன். ஓரம் கூர்மையாக, அடி தட்டையாக, மொழுமொழுவென்று வருகிறதை மட்டும்தான் எடுப்பேன். கடையில் வாங்கினால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. தினமும் ஓட்டலில் சாப்பிடுகிறவனுக்கு வீட்டுச் சமையலைப் பற்றி என்ன சொல்லிப் புரியவைப்பது. நான் சொல்வதில்லை.

ஆனால் வார்ப்பது பாதி வேலைதான். வார்த்தது நேராகப் போகிறதா என்று பார்ப்பது மீதி. அந்த மீதிதான் எனக்கு வாய்க்கவில்லை. எனக்குக் கை ஆடும். மணல் மூட்டைமேல் வைத்துப் பிடித்தாலும் ஆடும். குண்டு விலகினால் கோளாறு குண்டிலா கையிலா என்று கடைசிவரை தெரியாது. ஹார்லனுக்குக் கை ஆடாது. விரலெல்லாம் வாதத்தில் முடிச்சு விழுந்து கிடக்கிறது, சின்னத் தோட்டாவை எடுத்து ரிவால்வரின் உருளைக் குழியில் நுழைப்பதென்றால் அவனுக்கு ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி. ஆனால் ரிவால்வரைப் பிடித்துவிட்டான் என்றால் அசைய மாட்டான். அதனால் சனிக்கிழமைதோறும் தன் ரிவால்வரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவான். பின்னால் தண்ணீர் வற்றிய ஓடையில், மண்கரைக்கு முன்னால் காகிதம் ஒட்டி வைத்திருப்பேன். நான் தோட்டா போட்டுக் கொடுப்பேன், அவன் சுடுவான், நான் நடந்துபோய்ப் பார்ப்பேன். ஓட்டைகள் ஒரே கொத்தாக விழுந்திருந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கும். சிதறியிருந்தால் இறங்காது.

போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள், கட்டைவிரலை வைத்தால் மறைந்துவிடும், அப்படி ஒரு கொத்து விழுந்தது. நான் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வந்து காட்டினேன். ஹார்லன் வெகுநேரம் பார்த்தான்.

“டேய் டெல்மர், இது நான் சுட்டது இல்லடா. உன் குண்டு தானா போயி உக்காந்துக்கிச்சு.”

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. டயர் கடையில் முப்பது வருஷம் உழைத்ததற்கு ஒரு கடிகாரம் கொடுத்தார்கள், அதுவும் ஓடவில்லை. மனுஷனாகப் பிறந்தவனைப் பார்த்து வாழ்நாளில் ஒருத்தனாவது ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் இல்லையா? என்னைப் பார்த்துச் சொன்னவன் அவன் ஒருத்தன்தான். அன்றைக்கு நான் அழுதேன். அவன் போன பிறகுதான்.

வெர்னாவைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல பெண்பிள்ளை. சனிக்கிழமை மதியம் அவளே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து மிளகாய்க் குழம்பும் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் கையால் நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். என்னை ஈயக்காரரே என்றுதான் கூப்பிடுவாள். கேலிதான், ஆனால் கேலியில் விஷம் இருக்காது. அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அந்தக் கொத்து விழுந்த அடுத்த வாரம் அவள் வந்து குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

“ஈயக்காரரே, இதான் எங்களுக்குக் கடைசிக் குளிர்காலம். பனி உருகினதும் அரிசோனாவுக்குக் கிளம்புறோம். மக அங்க வீடு பாத்துட்டா. உங்க குண்டச் சுட்டுப் பாக்குறதுக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க.”

நான் ஹார்லனைப் பார்த்தேன். அவன் கரண்டியைக் குழம்புச் சட்டியில் விட்டுக் கிளறிக்கொண்டிருந்தான். வீட்டு சர்க்கார் உத்தரவு போட்டாச்சு, நான் என்ன பண்ண என்று சிரித்தான். நானும் சிரித்தேன். மாடுகளை அண்ணன் மகன் வாங்கிக்கொள்கிறான், நிலத்துக்கும் ஆள் பார்த்தாயிற்று என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாம் முடிவான பிறகுதான் என்னிடம் வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

அவள் போன பிறகு அவனிடம் கேட்டேன், உனக்குப் போக இஷ்டமா என்று. முட்டி வலிக்கிறது, அங்கே பனி இல்லை என்றான். குழம்பை ஊற்றிக்கொண்டே, நீயும் வந்துவிடேன் என்றான். கவனியுங்கள், மேடம். போக மனசிருக்கிறவன் அப்படிக் கூப்பிட மாட்டான். விட்டுப் போக மனசில்லாதவன்தான் கூப்பிடுவான். அவனுக்காக யாராவது ஏதாவது செய்தாக வேண்டும் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இனி துப்பாக்கி விஷயம். நீங்கள் இந்தப் பக்கத்துப் பெண், உங்கள் அப்பாவும் சொல்லிக் கொடுத்திருப்பார். ஹார்லனுடையது பழைய மாடல். பின்னால் இருந்து தோட்டாவைத் தட்டுகிற சுத்தி இறங்கியிருந்தால் அதன் மூக்கு நேராகத் தோட்டாவின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்து சுத்தி தரையில் இடித்தால் வெடித்துவிடும். அதனால் குழி ஆறு இருந்தாலும் ஐந்தில்தான் தோட்டா போடுவோம். காலிக் குழிமேல் சுத்தியை இறக்கி வைப்போம். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்துச் சொல்லித்தருகிற பாடம் இதுதான். இடுப்பில் ஆறு போட்டுக்கொண்டு திரிகிறவனைக் குடிகாரன் என்போம், இல்லாவிட்டால் வெளியூர்க்காரன் என்போம். சுட்டு முடித்ததும் ரிவால்வரைத் துடைத்து, வழியில் கன்றுக்குட்டியை நரி சுற்றினால் ஆகட்டும் என்று ஐந்து தோட்டா போட்டு, உறையில் செருகி ஹார்லனிடம் கொடுப்பது என் வேலை. அவன் விரல் அப்படி. ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. பார்த்தாலும் தெரியாது, தூரத்தில் இருப்பதுதான் அவன் கண்ணுக்குத் தெரியும், கிட்டத்தில் எல்லாம் மங்கல். அதைவிட, போட்டது நான் என்பதே அவனுக்குப் போதும்.

அவன் வீட்டுப் பின்வாசலில் பூட்ஸ் கழற்ற ஒரு சின்ன அறை இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். செங்கல் தரை, ஒரு பெஞ்சு, எதிர்ச்சுவரில் அவன் அப்பா சுட்ட மானின் கொம்பு. வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து பெல்ட்டை உறையோடு கழற்றிப் பக்கத்தில் போடுவான். வெர்னா வந்து திட்டிக்கொண்டே அதை எடுத்துக் கொம்பில் மாட்டுவாள். பிறகு அந்தக் கொம்புக்குக் கீழேயே குனிந்து அவன் பூட்ஸை ஒழுங்காக வைப்பாள். அத்தனை வருஷம் மாட்டி மாட்டிக் கொம்பு வழவழவென்று ஆகிவிட்டது. பெல்ட் அடிக்கடி வழுக்கிக் கீழே விழும். என் கண் முன்னாலேயே பல தடவை விழுந்திருக்கிறது. கொம்பை மாற்று என்பாள் அவள், அப்பா சுட்ட மான் என்பான் அவன், இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஐந்து தோட்டாதானே என்று யாரும் பயந்ததில்லை.

எனக்கும் அதே மாடலில் ஒரு ரிவால்வர் இருக்கிறது. என் கொட்டகையில் ஒரு கொம்பை அறைந்தேன். கீழே செங்கல் பரப்பினேன். வெடிமருந்து வேண்டாம் என்று, அடியில் இருக்கிற பொட்டு வெடி மட்டுமே தள்ளுகிற, வீட்டுக்குள் பழகுகிற மெழுகுக் குண்டைப் போட்டேன். பெல்ட்டை மாட்டி, வழுக்கி விழ விட்டுப் பார்த்தேன். முதலில் அதைப் பாதுகாப்புக்கான சோதனை என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆபத்து எவ்வளவு என்று தெரிந்தால் ஹார்லனிடம் சொல்லிக் கொம்பைக் கழற்ற வைக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்கு நேரம் கூடி வரவில்லை.

பெரும்பாலும் பக்கவாட்டில் விழும், ஒன்றும் ஆகாது. ஆனால் பிடிப்பக்கம் கனம். அது கீழே திரும்பி விழுகிறபோது வெடிக்கும். வெடித்தால் குண்டு மேல்நோக்கி, உறையின் திறந்த நுனி வழியாகப் போகும். காகிதம் தொங்கவிட்டு அதையும் பார்த்தேன். இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும், இது எனக்கே வியப்பாக இருந்தது. எல்லா ஓட்டையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்தன. பிடிக்கிற கை இல்லை, அதனால் ஆட்டமும் இல்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஹார்லன் துணை இல்லாமல் நானே ஒரு கொத்து விழ வைத்தேன். வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை சுட்டு முடித்துத் துடைத்த பிறகு ஆறு தோட்டா போட்டேன். ஆறாவதும் நான் வார்த்ததுதான், அந்த வருஷத்திலேயே நன்றாக வந்த குண்டு. ஹார்லன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான். நான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாடு தாண்டாமல் இருக்க வாசலில் இரும்புக் கம்பி பதித்திருப்பார்களே, அதில் வண்டி ஏறும்போது தூக்கிப் போடும்.

“டேய், பாத்து மெதுவாப் போடா,” என்றேன்.

“நீ என்னடா, எங்க அம்மா மாதிரி,” என்றான்.

அவன் வீடு போய்ச் சேருகிற நேரம் வரை ஜன்னலிலேயே நின்றேன். அவனுக்கு ஒன்றென்றால் நான் தாங்கியிருக்க மாட்டேன், மேடம். இதைச் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை அவன் வந்தபோது ஆறும் அப்படியே இருந்தன. வந்ததும் துப்பாக்கியை வாங்கிக் காலி செய்வது நான்தான் என்பதால் அவனுக்குத் தெரியாது. சோதனைக் குண்டுகளைச் சுட்டோம். கிளம்பும்போது மறுபடி ஆறு போட்டேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. எனக்கு அவசரம் இல்லை. ஈயத்தோடு பழகியவனுக்குப் பொறுமை தானாக வந்துவிடும். நானாக யாரையும் ஒன்றும் செய்யவில்லை, கொம்பு வழுக்க வேண்டும், பிடி கீழே திரும்ப வேண்டும், இத்தனையும் கடவுள் கையில்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு வகையில் உண்மையும்கூட.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. வெர்னா விழுந்து கிடக்கிறாள், நீ வா என்றான் ஹார்லன். குரலே அவனுடையதாக இல்லை. ஆம்புலன்ஸுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன். ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் காலுறையுமாகத் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். நான் அவளைப் புரட்டிப் பார்த்தேன். உதவுகிறேன் என்று அவன் நினைத்தான். குண்டு எங்கே பட்டிருக்கிறது என்று பார்த்தேன். கொட்டகைக் காகிதத்தில் பட்ட இடத்திலிருந்து ஓர் அங்குலம் விலகியிருந்தது. மெழுகுக்கும் ஈயத்துக்கும் அந்த வித்தியாசம் இருக்கும்.

உங்கள் ஆட்கள் வந்து திறந்து பார்த்து, ஆறு போட்டிருக்கிறாயே என்று அவனைக் கேட்டார்கள். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. நான்தான் போட்டேன், புத்தி கெட்டுப்போய்ப் போட்டேன் என்றான். துக்கத்தில் குழம்பிப்போய்ச் சொல்கிறான் என்று நினைத்தேன். நேற்று இங்கே அவனைப் பார்க்க அனுமதித்தீர்களே, அப்போதுதான் தெரிந்தது. ஆள் பாதியாக இளைத்திருக்கிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசினான்.

“நீ மறந்து ஆறு போட்டுட்டே போலடா. வயசாச்சுல்ல, யாருக்கும் வரும். நான்தான் போட்டேன்னு சொல்லிட்டேன். நீ வாயத் தொறக்காத. ஒரு சாவு போதும். உன்னையும் இதுல இழுத்து விட்டா அவளே என்னை மன்னிக்க மாட்டா.”

அப்படிப்பட்டவன் மேடம் அவன். நான் மறந்து செய்ததாக நினைத்து எனக்காக உள்ளே உட்கார்ந்திருக்கிறான். இராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த வயதில் அவனைப் பெரிய சிறையில் போட்டால் வசந்தம் வரைகூடத் தாங்க மாட்டான். அதனால்தான் விடிந்ததும் கிளம்பி வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், மறதி இல்லை. தெரிந்துதான் போட்டேன்.

சரி, இப்போது கேளுங்கள். என்ன கேட்டீர்கள்?

“ஹார்லன் மேல உங்களுக்கு அப்படி என்ன கோவம்? வாரக்கணக்கா அவரக் குறி வச்சிருக்கீங்க. பாவம், அந்தம்மா நடுவுல வந்து மாட்டிக்கிச்சு.”

நீங்கள் படித்த பெண், இவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்டீர்கள் என்று நினைத்தேன். ஹார்லன்மேல் எனக்கு என்ன கோபம்? கொட்டகையில் நான் தொங்கவிட்டது ஒரு காகிதம் இல்லை, இரண்டு. ஒன்று பெஞ்சில், உட்கார்ந்திருக்கிற ஆளின் மார்பு உயரத்தில். அது ஹார்லனுக்கு. கடைசிவரை அதில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஒரே ஒரு ஓட்டை விழுந்திருந்தாலும் சட்டியைக் கவிழ்த்துவிட்டு இந்தப் பேச்சையே விட்டிருப்பேன். இன்னொன்று கொம்புக்குக் கீழே, ஒரு பெண் பூட்ஸை எடுக்கக் குனிந்தால் அவள் மார்பு வருகிற உயரத்தில். கொத்து விழுந்தது அதில்தான். அந்தத் துப்பாக்கியில் ஆறாவது தோட்டாவை நான் போட்டது வெர்னாவைக் கொல்வதற்கு. வேறு யாருக்காகவும் இல்லை. குறி தப்பவும் இல்லை. அவன் ஊரைவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான் நான் நினைத்தது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். என்னை எங்கே அனுப்பினாலும் போகிறேன். சனிக்கிழமைகளில் மட்டும் அவனை என்னைப் பார்க்க வர விடுங்கள். நான் சொன்னதை அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். முதலில் கொஞ்சம் வருத்தப்படுவான். பிறகு யோசித்துப் பார்த்தால் அவனுக்கே புரியும், அரிசோனாவில் போய் என்ன செய்யப் போகிறான் அவன். மகள் சவ அடக்கத்துக்கு வந்தவள் அவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டாள். ஊரில் ஒருத்தரும் அவனோடு பேசுவதில்லை. பாவம், அவனுக்கு இப்போது என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.